பழைய சொகுசுக் காரைப் பட்டறையில் விடும் முன்: சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் எச்சரிக்கை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கும் பழைய சொகுசுக் கார்களை விசாரித்துத் தேடி வந்து, ஓட வைத்துத் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்கும் ஒரு பட்டறையிடம் எங்கள் குடும்பம் 18,500 ரிங்கிட்டை இழந்திருக்கிறது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, எளிதில் திரும்ப வாங்க முடியாத அசல் பாகங்கள் அந்தக் காரிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனதுதான். போலீஸ் விசாரணை முடியாததால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் எதை முதலில் செய்தார்கள், எந்த இடத்தில் பொய் சொன்னார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். வீட்டுக் கொட்டகையில் இப்படி ஒரு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்த பிறகே சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

கார், மெர்சிடிஸ் பென்ஸ் 280 சிஇ. 123 வரிசையின் இரண்டு கதவு கூப்பே. 1977-இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி 1985 வரை தயாரிக்கப்பட்ட வகை. நான்கு கதவுக் காரைவிட முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் இதில் 85 மில்லிமீட்டர் குறைவு, நடுத்தூண் கிடையாது, எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் பக்கம் முழுவதும் ஒரே திறப்பாக இருக்கும். 2,746 சிசி கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் இஞ்சின், இரட்டை கேம்ஷாஃப்ட். தோட்ட மருத்துவமனையில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்த என் அப்பா, ஓய்வு பெற்ற பணத்தில் ஈப்போ வழக்கறிஞர் ஒருவரிடமிருந்து இதை வாங்கினார். கண்பார்வை மங்கும்வரை அவரே ஓட்டினார்; அதன் பிறகு கார் தகரக் கொட்டகைக்குள் போனது. அப்பா இறந்த பிறகு, அதை மீண்டும் சாலையில் பார்க்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்.

பட்டறைக்குப் போகும் முன் கார் எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த பொய்களை உடைத்தது அதுதான். செம்பனைத் தோட்டத்தில் லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற எங்கள் மாமா, ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊற வைத்து, மறுநாள் கிராங்க் ஷாஃப்ட்டின் முன் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே சுற்றினார். எந்தத் தடையும் இல்லாமல் இஞ்சின் சுழன்றது. அதை நான் கைப்பேசியில் படம் பிடித்தேன். 110 என்று தொடங்கும் இஞ்சின் எண்ணையும், சேசிஸ் எண்ணையும், கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றிதழில்) பதிவாகியிருக்கும் எண்களோடு ஒப்பிட்டு அருகில் வைத்துப் படமெடுத்தேன். டாஷ்போர்டின் மரப்பலகை, பெக்கர் ரேடியோ, ஃபுக்ஸ் நிறுவனம் செய்த 14 அங்குல அலுமினியச் சக்கரங்கள், பூட்டில் இருந்த கருவிப்பை ஆகிய எல்லாவற்றுக்கும் படம் இருக்கிறது.

பட்டறை உரிமையாளர் வீட்டுக்கே வந்தார். அம்மாவின் காலைத் தொட்டு வணங்கினார். "தம்பி, அப்பா ஓட்டுன காடி, உங்களுக்கு எவ்ளோ பாசம்னு எனக்குத் தெரியாதா? கைக்குழந்தை மாதிரி பாத்துக்குவேன்" என்றார். 8,000 ரிங்கிட் முன்பணம் வாங்கிக்கொண்டு, "காடி ரிப்பேர்" என்ற இரண்டே சொற்கள் எழுதிய ரசீதைக் கொடுத்தார். என்னென்ன வேலை, எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் கேட்டபோது, "பழைய வண்டி தம்பி, தொறந்து பாத்தாதான் தெரியும்" என்றார். நியாயமான பட்டறைக்காரரும் இதைத்தான் சொல்வார். ஆனால் திறந்து பார்த்த பிறகாவது அவர் எழுதிக் கொடுப்பார். இவர் கடைசிவரை எழுதிக் கொடுக்கவே இல்லை.

கார் பட்டறைக்குப் போன அன்றே பெரிய சேதம் நடந்துவிட்டது. அங்கு வேலை செய்த இளைஞர் ஒருவர் பிறகு மனம் கேட்காமல் என்னிடம் சொன்னதால்தான் இது தெரிய வந்தது. டாங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்து கெட்டுப்போன பெட்ரோலை வடிக்காமல், அதன் மேலேயே புதுப் பெட்ரோலை ஊற்றி, புது பாட்டரி மாட்டி, நேராக ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். கார்புரேட்டர் வைத்த காரில் இதனால் அடைப்பு ஏற்படும், கழற்றிக் கழுவிக்கொள்ளலாம். இந்த இஞ்சினில் இருப்பது போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்னும் இயந்திர முறை எரிபொருள் பீய்ச்சல். இதில் கம்ப்யூட்டர் எதுவும் எரிபொருளை அளப்பதில்லை. உள்ளே போகும் காற்று ஒரு தட்டைத் தூக்க, அந்தத் தட்டு ஓர் உலோகத் தண்டை மேலே தள்ள, அந்தத் தண்டு சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஆறு பிளவுகளைத் திறந்து ஆறு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைப் பங்கிடுகிறது. தண்டும் அது ஏறி இறங்கும் உருளையும் அவ்வளவு நெருக்கமாகப் பொருந்துமாறு கடையப்பட்டவை. பின் இருக்கைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரும்பு டாங்கில், நம் ஊர் ஈரக்காற்றில் பத்தாண்டுகளுக்கு மேல் சேர்ந்த துருத்தூள் அந்தப் பிளவுகளுக்குள் போனால் தண்டு இறுகிக்கொள்ளும். அதன் பிறகு அந்தப் பங்கீட்டுக் கருவியைத் தேர்ந்தவர்களிடம் அனுப்பிப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். இரண்டுமே ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும்.

முறையாகச் செய்திருந்தால், டாங்கை முழுவதும் வடித்து, அதன் அடியில் இருக்கும் சல்லடை வடிகட்டியைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். டாங்கின் உட்புறத்தைச் சுத்தம் செய்து, பின் அச்சின் அருகே காரின் அடியில் உள்ள பம்பையும் ஃபில்டரையும் சோதித்து, திரும்பி வரும் குழாயை ஒரு டின்னில் விட்டுப் பெட்ரோல் தெளிவாக வருகிறதா என்று பார்த்திருப்பார்கள். அழுத்தமானியை மாட்டி 5 பார் அளவில் அழுத்தம் நிற்கிறதா என்று சோதித்திருப்பார்கள். அதன் பிறகுதான் இஞ்சினுக்கு எரிபொருள் போயிருக்கும். தீப்பொறி இல்லாமல் முதலில் வெறுமனே சுற்றி, டாஷ்போர்டில் எண்ணெய் அழுத்த முள் எழுவதையும் பார்த்திருப்பார்கள். இவற்றில் ஒன்றைக்கூட அந்தப் பட்டறை செய்யவில்லை. அழுத்தமானியே அவர்களிடம் இல்லை என்று அந்த இளைஞர் சொன்னார்.

சில வாரங்களில் தொலைபேசி வந்தது. "தம்பி, இஞ்சின் ஜேம். சுத்தவே மாட்டேங்குது. உள்ள எல்லாம் போச்சு" என்றார். மாமா கையால் சுற்றிய இஞ்சின் அது. நேரில் போய், பிளக்குகளைக் கழற்றி எங்கள் கண் முன்னே ஒருமுறை சுற்றிக் காட்டச் சொன்னோம். இஞ்சினைப் பிரித்தாயிற்று, இனிமேல் சுற்றிக் காட்ட முடியாது என்றார். அதற்குள் இஞ்சினைத் திறக்க என்று மேலும் 6,500 ரிங்கிட்டும் வாங்கியிருந்தார்.

அடுத்து வந்தது மாற்று இஞ்சின் யோசனை. ஹாஃப்கட் கடையிலிருந்து, அதாவது வெட்டிப் பிரித்த பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடையிலிருந்து, ஜப்பானிய ஆறு சிலிண்டர் இஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டால் பெட்ரோலும் மிச்சம், பாகமும் எங்கும் கிடைக்கும், பழைய இஞ்சினைத் தாமே "இரும்பு விலைக்கு" எடுத்துக்கொள்கிறோம் என்றார். இதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. முதலாவது, ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் சோதனையும் இல்லாமல் இஞ்சினை மாற்றினால் கிராண்டில் உள்ள எண்ணும் காரில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாது. பெயர் மாற்றும்போது அது சிக்கலாகிவிடும். எங்கள் கார் அப்பாவின் பெயரிலிருந்து அம்மாவின் பெயருக்கு மாற வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட குடும்பங்களே இந்த யோசனையால் மிகுதியாக மாட்டிக்கொள்ளும். இரண்டாவது, அவர் இரும்பு விலைக்குக் கேட்ட இஞ்சினும், அதன் மேலிருக்கும் போஷ் பாகங்களும், பழைய மெர்சிடிஸ் பிரியர்கள் நல்ல விலை கொடுத்துத் தேடும் பொருள்கள். காரைச் சீரமைப்பதைவிட அதைப் பிரித்து விற்பதில் அந்தப் பட்டறைக்கு ஆதாயம் அதிகம் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாங்கள் மறுத்தோம்.

மறுத்த பிறகு காரைத் திருப்பிக் கேட்டால், பெயிண்ட் வேலை தொடங்கிவிட்டது, 4,000 ரிங்கிட் கட்டினால்தான் வெளியே விடுவோம் என்றார்கள். அம்மா தன் சேமிப்பிலிருந்து கொடுத்தார். அதை நினைத்தால் இன்னமும் எனக்கு மனம் கொதிக்கிறது.

டோ லாரியில் வந்த கார் வெளியிலிருந்து பார்க்கப் பளபளப்பாக இருந்தது. உள்ளே பெக்கர் ரேடியோ இருந்த இடத்தில் ஓட்டை. வரிவரியான மரப்பலகைகளுக்குப் பதிலாக மரம்போல அச்சிட்ட ஒட்டுத்தாள். ஃபுக்ஸ் சக்கரங்களுக்குப் பதிலாக வேறு ஏதோ காரின் இரும்புச் சக்கரங்கள். கருவிப்பை இல்லை. பிரித்ததாகச் சொன்ன இஞ்சின் பிரிக்கப்படவே இல்லை; மாமா அதை மறுபடியும் கையால் சுற்றிக் காட்டினார். ஆனால் எரிபொருள் பங்கீட்டுக் கருவியையும் அதனோடு இணைந்திருக்க வேண்டிய, குளிர்ந்த இஞ்சின் சூடாகும்வரை பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் சூடேற்ற அழுத்தச் சீராக்கியையும் காணவில்லை. பிரேக் ஆயிலை மாற்றவே இல்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். அவ்வளவு ஆண்டுகள் பழசானதை வைத்துக்கொண்டு இந்தக் காரை யாராவது சாலையில் எடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும்.

பெயிண்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்ப்பவர் கண்ணை மறைப்பது அதுதான். இந்த வகைக் கார்களில் ஜாக்கி போடும் இடங்கள், முன் மட்கார்டுகளின் ஓரங்கள், பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பூட்டின் இரு பக்கக் குழிகள் ஆகியவற்றில்தான் துரு முதலில் தின்னும். நல்ல தகர வேலைக்காரர் துருப்பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரத்தை வெல்டிங் செய்வார். இவர்கள் துருவின் மேலேயே ஃபைபரும் புட்டியும் பூசித் தேய்த்து, அடிப்பக்கத்தில் கறுப்புத் தாரைத் தடவி, மேலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். துணி சுற்றிய ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தபோது ஜாக்கி போடும் இடத்தில் அது ஒட்டவே இல்லை. ஆண்டுக் கடைசி மழை வந்ததும் பின் கண்ணாடிக்குக் கீழே பெயிண்ட் கொப்பளித்துப் பழுப்பு நீர் வடிந்தது. துருவைச் சீரமைக்காமல் விட்டிருந்தால்கூட அதன் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அந்தப் பூச்சை எல்லாம் சுரண்டி எடுக்கவே தனிச் செலவு.

காணாமல் போன பாகங்களுக்காகப் போலீசில் புகார் செய்தோம். பணத்துக்காக ஈப்போவில் உள்ள பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்தோம். இந்த வழி பலருக்குத் தெரியாததால் சொல்கிறேன். மனுக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டு போகலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்தாக வேண்டும். எங்களிடம் இருந்த ரசீதுகள் அரைகுறையானவை என்றாலும், கையால் சுற்றிய இஞ்சினின் காணொளியும் முன்னும் பின்னும் எடுத்த படங்களும் பேசின. பெயிண்டுக்கும், செய்யாத இஞ்சின் வேலைக்கும் கொடுத்த 10,500 ரிங்கிட்டைத் திருப்பித் தரும்படி தீர்ப்பு வந்தது. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். இதை எழுதும்வரை அவர்கள் பாதிப் பணத்தைத்தான் கட்டியிருக்கிறார்கள். மீதிக்கு மறுபடியும் அலைந்துகொண்டிருக்கிறோம்.

காரைக் கொடுக்க நினைப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கொடுக்கும் முன் இஞ்சினை வீட்டிலேயே கையால் சுற்றி, அதைக் காணொளியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றப்படும் ஒவ்வொரு பழைய பாகமும், பயனற்றதாக இருந்தாலும், உங்களிடமே திரும்ப வரவேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். எரிபொருளையும் பிரேக்கையும் பற்றிப் பேசாமல் பெயிண்டைப் பற்றி முதலில் பேசுகிறவரை நம்பாதீர்கள். பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாக மட்டும் கொடுங்கள்.

கெடா, பினாங்கு, பேராக் பக்கத்தில் பழைய பாகங்கள் வாங்கி விற்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 280 சிஇயின் ஆறு வழிப் பங்கீட்டுக் கருவியும் நான்கு ஃபுக்ஸ் சக்கரங்களும் ஒரே கையிலிருந்து விலைக்கு வந்தால், வாங்கும் முன் சக்கரங்களின் உட்புறத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பச்சை பெயிண்டில் 1 முதல் 4 வரை அப்பா எழுதிய எண்கள் இருக்கும். இருந்தால் சுங்கை சிப்புட் போலீஸ் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். புகார் அங்கேதான் பதிவாகியிருக்கிறது.