பாரில் மௌனப்படம்: ஒற்றைப் பியானோவா, முழு பேண்டா?

பாரில் மௌனப்படம், கூடவே நேரடி இசை என்று அறிவிப்பு வந்தால், என்ன படம் என்பதோடு யார் வாசிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ராத்திரி எப்படிப் போகும் என்பது பாதி அதில்தான் இருக்கிறது. (பாரில் போய் சினிமாவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: சினிமாவின் முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டியதே ஒரு கஃபேயின் கீழ்த்தளத்தில்தான்.)

என் ஓட்டு பியானோவுக்கு. தனியாக வாசிப்பவர் பெரும்பாலும் திரையைப் பார்த்தபடி, கைபோன போக்கில் வாசிப்பார். மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில், புயலில் ஒரு வீட்டின் முன்சுவர் மொத்தமாக அவர் மேல் சாயும். மாடி ஜன்னல் இருந்த இடைவெளி சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்க, கீட்டன் ஒரு கீறல் இல்லாமல் நிற்பார். சுவர் சாயத் தொடங்கியதும் பியானோக்காரர் கையைத் தூக்கிவிட்டு, விழுந்த பிறகு கீழ்ஸ்தாயியில் ஒரே ஒரு தட்டு தட்டினால் போதும், பாரே சிரிக்கும். சிரிப்பு நீண்டால் அதே சுரத்தில் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருப்பார். பேண்டால் இது லேசில் முடியாது. நாலு பேரும் ஒரே நொடியில் நிற்க வேண்டுமே!

ஆனால் பேய்ப்படம் என்றால் கதை வேறு. ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) படத்துக்கு ஹான்ஸ் எர்ட்மான் எழுதிய இசையில் பெரும்பகுதி தொலைந்துபோனது. அதனால் யார் வேண்டுமானாலும் புதிதாக இசையமைக்கலாம். கிதாரும் சிந்தசைசரும் அங்கே பிரமாதமாகப் பொருந்தும். மாடிப்படியில் நிழல் ஏறும்போது பாஸ் கிதார் அதிர்வு நாற்காலிக்கே வரும். பியானோ அந்த இடத்தில் கொஞ்சம் சோனிதான்.

பேண்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மௌனப்படங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடியவை அல்ல; நொடிக்கு 16 ஃபிரேம், 20, 24 என்று மாறும். ஒத்திகை பார்த்தது ஒரு பிரதி, அன்றைக்கு ஓடுவது இன்னொன்று என்றால், திகில் இசை முடிந்த பிறகுதான் பேய் எழுந்து வரும்.

பதிவுசெய்த இசையை ஓடவிடும் இடங்களும் இருக்கின்றன. அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் இடம். பேண்ட் என்றால் டிரம்ஸை விட்டுத் தள்ளி உட்காருங்கள். பியானோ என்றால் கவுண்டர் பக்கமே வேண்டாம்; காக்டெய்ல் குலுக்கும் சத்தத்தில் மெல்லிய வாசிப்பெல்லாம் காணாமல் போய்விடும்.