வெளியூர், வெளிநாட்டு நோயாளிகளுக்கான தனி வார்டு: பகலில் நாலு, ராத்திரியில் இரண்டு

வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வருகிறவர்களில் மேற்கு வங்கம், வங்கதேசம், வடகிழக்கு மாநிலங்கள், ஓமன், மாலத்தீவு, ஆப்பிரிக்க நாடுகள் என்று எல்லாத் திசைக்காரர்களும் உண்டு. அவர்களுக்கென்று தனி வார்டு நடத்தும் தனியார் மருத்துவமனை ஒன்றின் நர்ஸிங் சேவை பற்றியது இந்த விமர்சனம். பெயர் வேண்டாம். வரவேற்பறை அரபிப் பலகையையும் அறையில் மடித்து வைத்த தொழுகை விரிப்பையும் கணக்கில் எடுக்கவில்லை. அவை எல்லா இடத்திலும் இருக்கின்றன. கட்டில் பக்கத்தில் நடப்பதற்குத்தான் மதிப்பெண். பகல் டியூட்டிக்கு ஐந்துக்கு நாலு தரலாம். ராத்திரிக்கு இரண்டுக்கு மேல் போட மனசு வரவில்லை.

இந்த வார்டின் பலம் அட்மிஷன் படிவம். பேசும் மொழி எது, படிக்கத் தெரிந்த மொழி எது என்று தனித்தனியாகக் கேட்கிறது. என்ன சாப்பிடமாட்டீர்கள், எந்த நாளில் விரதம், குளிப்பாட்டவும் யூரின் டியூப் போடவும் பெண் நர்ஸ்தான் வேண்டுமா, உடம்பிலிருந்து கழற்றக்கூடாத பொருள் ஏதாவது உண்டா, ரத்தம் ஏற்றுவதில் மறுப்பு உண்டா, ரிப்போர்ட் விவரத்தை யாரிடம் முதலில் சொல்லலாம் என்று வரிசையாகப் போகிறது. கடைசிக் கேள்வியை மகனிடம் கேட்காமல், மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு நோயாளியிடமே கேட்கிறார்கள். இது பாராட்டத்தக்கது. கெடுவது எங்கே என்றால், கூட்டமான நாளில் பெயரைப் பார்த்தே டிக் அடித்துவிடுகிறார்கள். இந்துப் பெயர் என்றால் சைவம் என்று ஒரு டிக். வங்காளப் பிராமணர் வீட்டில் மீன் அன்றாடச் சாப்பாடு. அதே வீட்டுக் கைம்பெண் பாட்டி வெங்காயம்கூடத் தொடாதவராக இருக்கலாம். கேட்காமல் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வங்காளப் பெண்களின் வளையல் விஷயத்தில் இங்குள்ள சிஸ்டர்கள் தேர்ந்தவர்கள். கல்யாணமானவர்கள் கையில் வெள்ளைச் சங்கு வளை, போலா என்கிற சிவப்பு வளை, கூடவே லோஹா என்கிற இரும்புக் காப்பு இருக்கும். சங்கு வளை உடைவது அபசகுனம். லோஹாவுக்குத் தங்கப் பூச்சு இருந்தால் பார்வைக்குப் பொன் வளையல்தான், எம்.ஆர்.ஐ. காந்தம் பூச்சைப் பார்க்காது, உள்ளிருக்கும் இரும்பை இழுக்கும். அதனால் ஸ்கேனுக்கு அனுப்பும் முன் "இதில் இரும்பு உண்டா?" என்று வாய்விட்டுக் கேட்கிறார்கள். ஆபரேஷன் என்றால் முந்தின நாளே கழற்றுகிறார்கள். காரணம், ட்ரிப்ஸ் ஏறிய பிறகு கை வீங்கிவிடும், வளையல் மணிக்கட்டைத் தாண்டாது. கையைச் சில நிமிடம் உயர்த்திப் பிடித்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒவ்வொன்றாக, வீட்டார் முன்னிலையில் எடுத்துக் கவரில் போட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள். திரும்பப் போடும்வரை மாற்றாக என்ன கட்டிக்கொள்ளலாம் என்பதை வீட்டாரே முடிவு செய்கிறார்கள். நம்மூர்த் தாலிக்கு மஞ்சள் கயிறு மாதிரி. கழற்றாமல் விட்டால், வென்ஃப்ளான் (ட்ரிப்ஸுக்காக நரம்பில் போடும் குழாய்) வழியே மருந்து சதைக்குள் கசிந்து கை வீங்குகிற அன்றைக்கு வளையலை வெட்டக் கட்டர் எடுக்க வேண்டியதுதான்.

இன்னொரு நல்ல பழக்கம், எண்கள். வங்காள நான்கு அச்சு அசல் நம் 8 போலவே இருக்கும். அவர்களுடைய ஏழு 9 மாதிரி. அரபு நாட்டுக்காரர் எழுதும் ஐந்து நமக்குப் பூஜ்யம். அவர்களுடைய பூஜ்யமோ வெறும் புள்ளி. வீட்டுச் சுகர் நோட்டில் 4 யூனிட் இன்சுலின் என்று இருப்பதை 8 என்று படித்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இந்த வார்டில் நோட்டை அட்டெண்டர், அதாவது நோயாளிக்குத் துணையாக வந்தவர், வாய்விட்டுப் படித்து விரலாலும் காட்ட வேண்டும். நர்ஸ் அதைக் கேஸ் ஷீட்டில் ஆங்கில எண்ணில் எழுதிக்கொள்கிறார். வேறு வார்டுகளும் இதைக் காப்பியடிக்கலாம்.

மொழிபெயர்ப்பு பரவாயில்லை ரகம். வங்காளிக்கும் அரபிக்கும் பகலில் ஆள் இருக்கிறது. அசாம், மணிப்பூர், மிசோரம்காரர்களுக்கு இந்தி பேசுகிறவரை அனுப்பிவைக்கிறார்கள்; ஐஸ்வாலிலிருந்து வந்த பாட்டிக்கு இந்தியும் தமிழும் ஒன்றுதான். வங்கதேசத்துச் சில்ஹட்டுக்காரரின் பேச்சு கொல்கத்தா வங்காளிக்கே சட்டென்று பிடிபடாது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். இன்ஹேலரையோ இன்சுலின் பேனாவையோ கையில் கொடுத்து "நீங்கள் செய்து காட்டுங்கள்" என்று கேட்கும் நர்ஸ்கள் இங்கே சிலர்தான். டிஸ்சார்ஜ் சம்மரி முழுக்க ஆங்கிலம். படிக்கத் தெரிந்த மொழியைப் படிவத்தில் கேட்டது எதற்கு?

சமையல் பிரிவு இந்த வார்டின் பலவீனம். சாம்பார் சாதத் தட்டு தொடாமல் திரும்புகிறது, சார்ட்டில் "உணவு கொடுக்கப்பட்டது" என்று பதிவாகிறது. அட்டெண்டர் வெளியே வங்காள மெஸ்ஸிலிருந்து கடுகெண்ணெய் மீன் குழம்பு வாங்கி வருகிறார். உப்பு குறைக்கச் சொன்ன இதய நோயாளி அதைத்தான் சாப்பிடுகிறார். கால் வீக்கம் ஏன் இறங்கவில்லை என்று டாக்டர் மருந்தைக் கூட்டுகிறார். கொடுத்த தட்டை எழுதாமல் சாப்பிட்ட அளவை எழுதினாலே பாதி தீர்ந்துவிடும். ஜைன நோயாளிகளிடம் ஆபத்து வேறு வகை. வெங்காயம், பூண்டு, கிழங்கு கூடாது என்பது சமையலறைக்குத் தெரியும். சூரியன் மறைந்த பின் சாப்பிடாதவர்கள், சிலர் தண்ணீரும் குடிக்காதவர்கள் என்பது தெரியவில்லை. எட்டு மணிக்கு வழக்கப்படி இரவு இன்சுலின் போட்டுவிட்டுத் தட்டை வைத்தால், தட்டு அப்படியே இருக்கும், சுகர் இறங்கும். ஊசி, மாத்திரை, சாப்பாடு மூன்றையும் அஸ்தமனத்துக்கு முன்னால் நகர்த்த முடியுமா என்று டாக்டரிடம் முதல் நாளே கேட்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் சஹர் தட்டு (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். தருகிறார்கள்தான், பல நாள் ஃபஜ்ர் பாங்குக்குப் பிறகு, அதாவது அதிகாலைத் தொழுகை அழைப்போடு நோன்பு தொடங்கிவிட்ட பிறகு. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு. ஆனாலும் பிடிப்பேன் என்கிறவரிடம் வாதாடுவதைவிட மருந்து நேரத்தை டாக்டரை வைத்து மாற்றுவதே புத்திசாலித்தனம். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதையும், 70-க்குக் கீழே இறங்கினாலோ 300-க்கு மேலே போனாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே பேசிவைக்கிறார்கள். இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

தோல் நிறம் பற்றி இங்கே யாருக்கும் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை. விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கறுத்த தோலில் ஆக்ஸிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தப் பரிசோதனையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம், வெள்ளையரில் 3.6 சதவீதம். ஆகவே சூடானிய நோயாளி மூச்சு வாங்கும்போது 94-ஐ நம்பி நகர்ந்துவிடக் கூடாது. உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் பார்த்து, தமனி ரத்தப் பரிசோதனை கேட்க வேண்டும். படுக்கைப் புண்ணும் அப்படியே. சிவப்பைத் தேடினால் கறுத்த தோலில் கிடைக்காது. வாலெலும்பிலும் குதிகாலிலும் புறங்கை வைத்துச் சூட்டையும், விரலால் அழுத்திக் கெட்டித்தன்மையையும், பக்கத்துத் தோலோடு ஒப்பிட வேண்டும். தமிழ் நோயாளிகளுக்கும் இதே கதைதான் என்பதால் இதற்குத் தனி வார்டே தேவையில்லை.

ராத்திரி மார்க் குறைந்ததற்குக் காரணம் நர்ஸ்களின் மனசு அல்ல, ஹேண்டோவர், அதாவது டியூட்டி மாறும்போது விவரத்தை ஒப்படைக்கும் முறை. அட்மிஷனில் அருமையாக எழுதிய இரண்டு பக்கம் ஃபைலின் அடியில் போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்கு வரும் சிஸ்டர் கையில் இருப்பது ஒற்றைத் தாள்: நோயின் பெயர், ட்ரிப்ஸ், யூரின் அளவு. "பெண் நர்ஸ் மட்டும்" என்ற வரி அதில் கிடையாது, நடுராத்திரி ஈ.சி.ஜி. எடுக்க ஆண் டெக்னீஷியன் தட்டாமல் நுழைகிறார், ஓமன் பெண்மணி போர்வையை விடமாட்டேன் என்கிறார், சார்ட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று ஏறுகிறது. வலி விஷயத்திலும் கத்துகிறவருக்கு ஊசி உடனே கிடைக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர் விடியும்வரை அப்படியே. பூஜ்யத்திலிருந்து பத்துவரை எவ்வளவு என்று படுத்திருக்கும்போதும் இருமும்போதும் கேட்க ஒரு நிமிடம் போதும். அதற்கு மொழிபெயர்ப்பாளரின் போன் நம்பர் நர்ஸ் மேஜையில் ஒட்டியிருக்க வேண்டும்.

இங்கே சேர்பவர்கள் அறை பார்க்கும்போதே இரண்டு விஷயம் கேளுங்கள்: இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் மொழியில் பேச யார் வருவார், டிஸ்சார்ஜ் சம்மரியில் மருந்து நேரத்தையாவது உங்கள் மொழியில் எழுதித் தருவார்களா. சாப்பாடு, விரதம், கழற்றக்கூடாதது, பெண் நர்ஸ் ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் ஒரு அட்டையில் எழுதித் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள். டியூட்டி மாறும்போதெல்லாம் அட்டெண்டர் அதைக் காட்டட்டும்.