கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் பாவசங்கீர்த்தனம்: வீட்டுச் சண்டையோடு போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

கொழும்பு 13, கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலைப் பற்றி எழுதுகிறவர்கள் மெழுகுதிரி, நேர்த்தி, புதுமை (அற்புதம்), செவ்வாய்க்கிழமைச் சனம் என்று நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கே ஒரு சதம் செலவில்லாமல் கிடைக்கிற பாவசங்கீர்த்தனத்தை, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை, யாரும் சேவையாக எடுத்து நிறை குறை பார்ப்பதில்லை. வீட்டில் பேச்சு முறிந்து, பிழை தன் பக்கமும் இருக்கிறது என்று உள்ளுக்குள் தெரிந்தவர்களுக்கு அந்தக் கோவிலில் உள்ளதிலேயே பயனானது அதுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தன் பிழைக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறவருக்கு ஐந்துக்கு ஐந்து. கணவரையோ மாமியையோ மருமகளையோ திருத்தித் தரச் சொல்லப் போகிறவருக்கு ஐந்துக்கு ஒன்று. அந்த ஒன்றும் வரிசையில் நிற்கிற நேரத்தில் கோபம் சற்று ஆறும் என்பதற்காக.

காணாமற்போன திறப்பையும் கடவுச்சீட்டையும் தேடித் தருகிறவர் என்றுதான் அந்தோனியாரை நமக்குத் தெரியும். ஆனால் அவர் பெயரில் வழங்கும் புதுமைகளில் பல வீட்டுக்குள் நடந்தவை. இத்தாலியின் பதுவா நகரில் 1511இல் ஓவியர் டிசியான் வரைந்த மூன்று சுவரோவியங்களைப் பாருங்கள். சந்தேகத்தில் மனைவியைக் குத்திய கணவன் ஒன்றில். தகப்பன் யார் என்று கைக்குழந்தையே வாய் திறந்து சொல்லித் தாயின் மானத்தைக் காப்பாற்றியது இன்னொன்றில். மூன்றாவதில் தாயை உதைத்த மகன். அவன் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல, "அப்படிப்பட்ட காலை வெட்டத்தான் வேண்டும்" என்றாராம் அந்தோனியார். பையன் வீட்டுக்குப் போய் உண்மையாகவே வெட்டிக்கொண்டான். புனிதர் ஓடிவந்து ஒட்டவைத்தார் என்பது மரபுக் கதை. சுவாமி (குரு) சொன்னதை அளவுக்கு மிஞ்சி எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களிடம் பின்னால் வருவோம்.

எந்த நாள் போவது? அந்தோனியார் இறந்தது 1231 ஜூன் 13. அடக்கம் செய்தது ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. செவ்வாய் பக்தி அதிலிருந்து வந்தது. கொச்சிக்கடையில் செவ்வாய் என்றால் கிறிஸ்தவர், சைவர், பௌத்தர் எல்லோரும் வருவார்கள். ஜம்பட்டா வீதிப் பக்கம் ஓட்டோவும் நகராது. நவநாளுக்கும் பூசைக்கும் அந்த நாள் சரி. பாவசங்கீர்த்தனத்துக்கு, அதுவும் பல வருடம் கழித்துப் போகிறவருக்கு, சரியில்லை. பின்னால் வரிசை நிற்கும்போது சுவாமியும் அவசரப்படுவார், நீங்களும் அவசரப்படுவீர்கள். வேறு கிழமையில், பூசை தொடங்க அரைமணிக்கு முன்னராவது போங்கள். பெரிய பை வேண்டாம். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு வந்த சோதனைக்கு நேரம் பிடிக்கும். அந்த வருடமே ஜூன் 12இல், திருவிழாவுக்கு முதல் நாள், கோவிலை மறுபடி திறந்துவிட்டார்கள்; கெடுபிடி மட்டும் தங்கிவிட்டது.

தமிழில் சொல்ல வேண்டும் என்றால் வாசலிலோ அலுவலகத்திலோ தமிழ் தெரிந்த சுவாமி எப்போது இருப்பார் என்று கேளுங்கள். பூசை மூன்று மொழியிலும் உண்டு என்பதற்காகத் தொட்டியில் (குரு இருந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டில்) இருக்கிற சுவாமிக்கு மூன்று மொழியும் தெரிந்திருக்கும் என்றில்லை. அரைகுறைச் சிங்களத்தில் "தரஹா கியா" (கோபம் வந்தது) என்ற அளவில் ஒப்பேற்றிவிட்டு வருவது வீண் அலைச்சல். இன்னும் அமைதியான இடம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே கொட்டாஞ்சேனை சாந்த லூசியா பேராலயம் இருக்கிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தவர்களுக்குத் தங்கள் பங்குக் கோவிலே போதும். மன்னிப்பு எங்கும் ஒன்றுதான். தன் பங்குச் சுவாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கப்படுகிறவருக்குத்தான் கொச்சிக்கடை வசதி. அங்கே உங்களை யாருக்கும் தெரியாது.

தயாரிப்புக்கு வருவோம், பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான். பழைய ஞானோபதேசம் (மறைக்கல்வி) ஐந்து காரியம் சொல்லும்: ஆத்தும சோதனை (மனச்சாட்சியைச் சோதித்தல்), மனஸ்தாபம் (செய்ததற்கு வருந்துதல்), இனிச் செய்யேன் என்ற பிரதிக்கினை, பாவங்களைச் சொல்லுதல், அபராதம் (குரு தருகிற பரிகாரம்) தீர்த்தல். நம்மவர்கள் நான்காவதிலிருந்து தொடங்குகிறார்கள். முதல் நாள் இரவு ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பாருங்கள். எழுதிய வசனத்தின் எழுவாய் யார் என்று கவனியுங்கள். "மாமி என்னை மதிப்பதில்லை" என்று எழுதியிருந்தால் அது முறைப்பாடு. "மாமிக்குக் கேட்கும்படியாக அவருடைய பெற்றோரை இழிவாகப் பேசினேன், இந்த மாதம் பலதடவை" என்றால்தான் பாவசங்கீர்த்தனம். "தம்பி காணியை ஏமாற்றி எழுதிவிட்டான்" என்பதை வெட்டிவிட்டு, "தம்பியோடு மூன்று வருடமாகப் பேசவில்லை, அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கும் வேண்டுமென்றே போகவில்லை" என்று எழுத வேண்டும். தம்பி செய்தது அநியாயமாகவே இருக்கலாம். அதைத் தம்பி வந்து சொல்லட்டும்.

சாவான பாவங்களை (கனமான பாவங்களை) வகையும் எண்ணிக்கையும் சொல்லி அறிக்கையிட வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம், 988ஆம் விதி. வகை என்றால் "கோபப்பட்டேன்" என்று முடிப்பதல்ல; கை நீட்டியதா, பிள்ளைகளுக்கு முன்னால் ஏசியதா, கதவைப் பூட்டி வெளியே நிறுத்தியதா என்று சொல்வது. எண்ணிக்கை ஞாபகம் இல்லாவிட்டால் "கிழமைக்கு ஒருதரமாவது" என்பது போதும். விளக்கம், பின்னணி, மற்றவர்களின் பெயர் எதுவும் தேவையில்லை. சரியாகத் தயார்செய்தவருக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது. இருபது நிமிடம் எடுக்கிறவர் பெரும்பாலும் வேறொருவரின் பாவத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

தொட்டிக்குள் நடப்பது எளிது. முழந்தாளிட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, "சுவாமி, என்னை ஆசீர்வதியும், நான் பாவி" என்று தொடங்கி, கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும். இருபது வருடம் என்றாலும் இருபது என்றே சொல்லலாம். யாரும் கத்த மாட்டார்கள். பிறகு பாவங்கள். கனமானதை முதலில் சொல்லுங்கள். சில்லறையை முதலில் வைத்தால் கடைசியில் வாய் வராது. மனஸ்தாப மந்திரம் மறந்துபோனால் அதையும் சொல்லிவிடலாம், சுவாமி சொல்லித் தருவார். அபராதம் என்ன என்பது காதில் விழாவிட்டால் எழும்புமுன் திரும்பக் கேளுங்கள். வெட்கத்தில் கேட்காமல் வந்துவிட்டு, "என்ன சொன்னார்?" என்று வெளியே முழிக்கிறவர்கள் ஏராளம்.

இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம் இரகசியம். 983ஆம் விதிப்படி பாவசங்கீர்த்தன முத்திரையை, அதாவது அந்த இரகசியத்தை, மீற முடியாது. மீறுகிற குருவுக்குத் திருச்சபையிலிருந்து தானாகவே விலக்கு. மனைவிக்கும் சொல்ல மாட்டார், பொலிசுக்கும் சொல்ல மாட்டார். உங்களிடமே பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் அவருக்கு உரிமை இல்லை. அதனால் அதே சுவாமியை அலுவலக அறையில் ஆலோசனைக்குச் சந்தித்தால், "அன்றைக்குச் சொன்னேனே, சுவாமி" என்று பாதியிலிருந்து தொடங்கக் கூடாது. நீங்களாக முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

கருக்கலைப்பைப் பற்றி ஒரு பழைய பயம் இருக்கிறது, ஆயரிடம் போனால்தான் தீரும் என்று. 2016 நவம்பரிலிருந்து எல்லாக் குருக்களுக்கும் அந்த மன்னிப்பை வழங்கும் அதிகாரத்தைப் பாப்பரசர் பிரான்சிஸ் கொடுத்திருக்கிறார். அதை முப்பது வருடமாகச் சுமந்துகொண்டு நன்மை (நற்கருணை) வாங்காமல் கடைசி வாங்கில் இருக்கிற பெண்களுக்கு யாராவது இதைச் சொல்ல வேண்டும். விவாகரத்தும் அப்படித்தான். நீதிமன்ற விவாகரத்து மட்டும் ஒருவரைத் தடுக்காது. கோவில் கலியாணம் இல்லாமல் இன்னொருவரோடு வாழ்வதுதான் சிக்கல். அதை வரிசையில் வைத்துப் பேச முடியாது. சுவாமியிடம் நேரம் கேட்டுத் தனியாகப் போக வேண்டும், தேவைப்பட்டால் அங்கிருந்து உயர்மறைமாவட்டத் திருமணத் தீர்ப்பாயத்துக்கு.

இனி அடிக்கடி பிழைக்கிற இடங்கள். முதலாவது, மன்னிப்புக் கிடைத்தால் கடனும் தீர்ந்தது என்ற நினைப்பு. மனைவிக்குத் தெரியாமல் நகையை அடகு வைத்தவர் மன்னிப்புப் பெற்றாலும் நகையை மீட்டுக் கொடுக்கத்தான் வேண்டும். சீட்டுக் காசை விழுங்கியவர் காசைத் திருப்ப வேண்டும். ஒரே தடவையில் முடியாவிட்டால் மாதம் எவ்வளவு என்று திட்டம் போட்டுக்கொண்டு போனால் பிரதிக்கினைக்கு ஒரு உருவம் இருக்கும். இரண்டாவது, மன்னிக்கப்பட்ட அதே பழைய பாவத்தை மாதாமாதம் கொண்டுபோவது. தாயை உதைத்த அந்தப் பையனின் கூட்டம் இவர்கள்தான். இவர்களுக்கு மருந்து புதிய சுவாமியைத் தேடிப் போவதல்ல, ஒரே சுவாமியிடம் தொடர்ந்து போய் அவர் "போதும்" என்றால் நிறுத்துவது. மூன்றாவது, நேர்த்தியையும் இதையும் குழப்பிக்கொள்வது. பதின்மூன்று செவ்வாய் வருகிறேன், அவர் குடியை விட வேண்டும் என்பது வேண்டுதல். நல்லதுதான். ஆனால் பதின்மூன்றாவது செவ்வாயும் அவர் குடித்துவிட்டு வந்தால் அந்தோனியார் கைவிட்டார் என்று முடிவெடுக்க அதில் ஒன்றுமில்லை.

சேவைக்கு வெளியே இருப்பவற்றையும் சொல்ல வேண்டும். தொட்டியில் இருக்கிற குரு மத்தியஸ்தர் அல்ல. காணி, காசுத் தகராறுக்கு 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன, வழக்கறிஞர் தேவையில்லை. குடிக்கு ஹோட்டன் பிளேஸில் சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர என்ற உதவி நிலையம் இருக்கிறது. அடி விழுகிற வீட்டுக்கு மன்னித்துவிட்டுத் திரும்பிப் போவது எந்த அபராதத்திலும் சேராது. மன்னிப்பது ஒன்று, அடிக்கிறவரோடு ஒரே கூரையில் இருப்பது வேறொன்று. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பன்னிரண்டு மாதம் வரை பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. மனம் உடைந்து உயிரை வெறுக்கிற நிலை என்றால் 1926.

"கடவுள் என்னை எதற்காக வைத்திருக்கிறார்" என்ற கேள்வியோடும் பலர் வருகிறார்கள், முக்கியமாகக் குடும்பத்தைச் சிதைத்தது தான்தான் என்று நினைக்கிறவர்கள். வரிசையில் இதற்குப் பதில் கிடைக்காது. ஆனால் அந்தோனியாரின் கதையில் கொஞ்சம் கிடைக்கும். லிஸ்பனில் பிறந்தவர், வேதசாட்சியாகச் சாக வேண்டும் என்று மொரோக்கோவுக்குப் போனார். அங்கே நோயில் விழுந்தார். திரும்பிய கப்பல் காற்றில் அடிபட்டு 1221இல் சிசிலியில் ஒதுங்கியது. நினைத்தது ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு மலை மடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு இருந்தார் என்கிறார்கள். 1222இல் ஃபொர்லி ஊரில் பிரசங்கிக்க ஆளில்லாமல் இவரை எழுப்பிவிட்டபோதுதான் அவருடைய வேலை என்ன என்பது மற்றவர்களுக்கே தெரிந்தது. ஆகவே சுவாமியிடம் தனியாகச் சந்திக்க நேரம் கிடைத்தால் வாழ்க்கையின் நோக்கம் என்று பெரிதாகக் கேட்பதை விட, "இந்த வீட்டில் நாளைக்கு நான் செய்ய வேண்டிய ஒரு காரியம் என்ன?" என்று கேட்பது பலன் தரும். அனுபவமுள்ள குருக்கள் அபராதத்தையே அதற்கு ஏற்றபடி கொடுப்பதும் உண்டு: தம்பிக்கு ஒரு அழைப்பு, மாமிக்கு ஒரு நேரச் சாப்பாடு. மூன்று அருள்நிறை மந்திரம் மட்டும் தந்தால், "சுவாமி, வீட்டில் செய்கிற மாதிரி ஒன்று தர முடியுமா?" என்று கேட்கலாம். மறுக்க மாட்டார்கள்.

சில்லறை விஷயங்கள். ஞானஸ்நானம் பெறாத துணைவர் கூட வந்தால் அவருக்குப் பாவமன்னிப்புக் கொடுக்க முடியாது. சுவாமியோடு கதைக்கலாம், ஆசீர் பெறலாம். கட்டாரில் இருக்கிற கணவர் வட்ஸ்அப் அழைப்பில் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது, அங்கேயே ஒரு குருவை நேரில் பார்க்க வேண்டும். தவக்காலத்தின் கடைசிக் கிழமையிலும் ஜூன் 13 திருவிழாவை ஒட்டிய நாட்களிலும் தவிர்த்துவிடுங்கள், மற்றவர்கள் வருடத்துக்கு ஒருதரம் வருவது அப்போதுதான். எழுதிக் கொண்டுபோன கடதாசியைக் கிழித்துப் போட மறக்க வேண்டாம். கோவில் வாங்கில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். முத்திரை குருவைத்தான் கட்டும், பக்கத்து வாங்கில் இருக்கிற அன்ரியைக் கட்டாது.