இரண்டு வருடம், ஒரே ஆல்பம்: ஆபரேஷன் ஐவியின் 27 பாட்டுத் தொகுப்பு

ஸ்கா பங்க் (ஜமைக்காவின் துள்ளல் இசையான ஸ்காவும், வேகமும் கத்தலுமான ராக் வகையான பங்க்கும் சேர்ந்த கலவை) கேட்டுப் பார்க்கணும், எங்கே ஆரம்பிக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கையைக் காட்டுவது ஆபரேஷன் ஐவி என்ற அமெரிக்க பேண்டின் பக்கம்தான். பேண்டின் பெயரையே தலைப்பாக வைத்து 1991இல் வந்த தொகுப்பு இது. 27 பாட்டு இருந்தும் முழுசாகக் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகாது. அவர்கள் போட்ட ஒரே ஆல்பமான 'எனர்ஜி'யின் 19 பாட்டு, அதற்கு முந்தின வருடம் வந்த 'ஹெக்டிக்' என்ற சின்ன இசைத்தட்டின் ஆறு பாட்டு, 1987இல் ஒரு கூட்டுத் தொகுப்புக்குக் கொடுத்த இரண்டு பாட்டு, எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. புதிதாகக் கேட்பவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி, 1987 மே மாதம். ஜெஸ்ஸி மைக்கேல்ஸ் பாடகர், டிம் ஆம்ஸ்ட்ராங் கிட்டார் (அப்போது லின்ட் என்ற பெயரில்), மேட் ஃப்ரீமன் பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் கிட்டார்), டேவ் மெல்லோ டிரம்ஸ். டிம்மும் மேட்டும் பக்கத்து ஊரான ஆல்பனியில் சின்ன வயதிலிருந்தே கூட்டாளிகள். பேண்டின் பெயர், 1952இல் மார்ஷல் தீவுகளில் அமெரிக்கா முதல் ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்த சோதனை வரிசையின் பெயர். இவர்களுக்குக் கிடைத்த மேடை, கில்மன் தெரு 924 என்ற முகவரியையே பெயராகக் கொண்ட இடம். 1986ஆம் ஆண்டின் கடைசி நாளில் திறந்தது. தன்னார்வலர்களே நடத்தினார்கள், எந்த வயதுக்காரரும் உள்ளே வரலாம், மது கிடையாது, இனவெறிக்கும் பெண்களை இழிவு செய்வதற்கும் இங்கே இடமில்லை என்று விதி போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கும் ஸ்கின்ஹெட் (தலையை மழித்துக்கொண்டு திரிந்த) கும்பல்கள் வந்து அடிதடியில் இறங்குவது அந்த வருடங்களில் நிஜமான தொல்லையாக இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு 'யூனிட்டி' பாட்டைக் கேளுங்கள். சண்டையை விட்டுவிட்டு ஒன்றாக நில்லுங்கள் என்று ஜெஸ்ஸி தொண்டை கிழியப் பாடும்போது, யாரோ எங்கோ இருப்பவருக்குச் சொல்லும் உபதேசமாக அது என் காதில் விழுவதில்லை, மேடைக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு நிற்கிறவனின் சட்டையைப் பிடித்துக் கேட்பது போலத்தான் இருக்கிறது.

ஸ்கா பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே கேட்டால், எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவில் கிட்டார் சுருக்கென்று ஒரு வெட்டு வெட்டும். அதுதான் ஸ்காவின் உயிர். 1950களின் கடைசியில் ஜமைக்காவில் பிறந்து, 1979 வாக்கில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் டூ டோன் என்ற லேபிள் (இசைத்தட்டு நிறுவனம்) வழியாக, கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே மேடையில் நின்று வாசித்த பேண்டுகளால் இரண்டாவது முறை எழுந்தது. அமெரிக்காவில் பங்க்கோடு அதைக் கலந்தவர்கள் ஆபரேஷன் ஐவிக்கு முன்பே உண்டு, ஃபிஷ்போன் என்ற பேண்டை மறந்துவிட முடியாது. ஆனால் இந்த அளவு வேகமும் கோபமும் கூடவே ஆடவைக்கும் துள்ளலும் ஒரே பாட்டுக்குள் இருந்தது இவர்களிடம்தான் என்பது என் அபிப்பிராயம்.

தொகுப்பின் முதல் பாட்டு 'நாலெஜ்'. இரண்டு நிமிடம்கூட கிடையாது. நீ பெரியவனானதும் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கும் உலகத்திடம், எனக்கு ஒன்றும் தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று ஒரு பையன் பதில் சொல்கிறான், அவ்வளவுதான் விஷயம். அதில் சோகமும் இல்லை, வீறாப்பும் இல்லை, வெளிப்படையாகச் சொல்கிற நிம்மதிதான் தெரிகிறது. இரண்டாவதாக வரும் 'சவுண்ட் சிஸ்டம்' இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. மனசு கீழே கிடக்கும்போது இசைதான் தூக்கி நிறுத்துகிறது என்று சொல்லும் பாட்டு. துள்ளும் ஸ்கா வெட்டும் பங்க்கின் கத்தலும் மாறி மாறி வருகிறபோது, எழுந்து நிற்பது என்றால் என்ன என்று இசையே செய்து காட்டிவிடுகிறது. ஸ்காவை மேலே தூவிய அலங்காரமாக இவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பங்க் மூச்சு முட்டவைக்கும் இடத்தில் ஸ்கா வந்து கொஞ்சம் இடம் விடுகிறது, நெஞ்சில் காற்று நிரம்பியதும் மறுபடி ஓட்டம்.

மேட் ஃப்ரீமனின் பேஸை மட்டும் கவனித்துக்கொண்டே ஒரு முறை முழு ஆல்பத்தையும் கேட்டுப் பாருங்கள், அதற்கு ஃபோன் ஸ்பீக்கர் போதாது, நல்ல ஹெட்ஃபோன் வேண்டும். கிட்டார் நின்று வெட்டிக்கொண்டிருக்க, இவருடைய விரல்கள் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை. சாதாரணமாக பங்க் பேண்டில் பேஸ் கிட்டாரின் பின்னாலேயே போகும், இங்கே பாட்டின் மெட்டையே பாதி நேரம் பேஸ்தான் சுமக்கிறது. ஊதுகருவிக் குழு இல்லாத ஸ்கா வெறுமையாகத் தெரியாமல் இருப்பதற்குக் காரணமும் அதுதான். 'பேட் டவுன்' பாட்டில் விருந்தாளியாக ஒரு சாக்ஸஃபோன் வந்து போகிறது, அழகாகவும் இருக்கிறது, மற்றபடி எல்லாமே நான்கு பேரின் வேலை.

ஒலிப்பதிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எனர்ஜியை முதலில் கில்மனிலேயே வைத்துப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள், சரியாக வரவில்லை என்று அதை விட்டுவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கெவின் ஆர்மி என்ற தயாரிப்பாளருடன் மறுபடி செய்தார்கள். அப்படியும் சத்தம் கரடுமுரடுதான். எனக்கு அந்தக் கரடு பிடித்திருக்கிறது. கடைசி எட்டுப் பாட்டுக்கு அதே சலுகையைக் கொடுக்க மாட்டேன். அவை பழைய பதிவுகள், ஒலி இன்னும் மெலிந்திருக்கிறது, 'ஹெல்தி பாடி' மாதிரி அருமையான பாட்டும் அதனால் கொஞ்சம் அடிவாங்குகிறது. இன்னொரு குறை, ஆல்பத்தின் நடுவில் நாலைந்து பாட்டு ஒரே வேகத்தில் வரிசையாக வருவதால் எது எது என்று பிரித்தறிய நாளாகும். ஜெஸ்ஸி வார்த்தைகளை மென்று துப்பும் ஆள் என்பதால் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. 'ரூம் வித்தவுட் எ விண்டோ'வில் மனிதர்கள் தங்கள் மனதைச் சுற்றி எழுப்பும் சுவர்களைப் பற்றி அவர் எழுதியிருப்பதை வரியாகப் படித்த பிறகுதான் அந்தப் பாட்டின் கனம் எனக்குப் பிடிபட்டது.

எனர்ஜி வந்தது 1989இல். அதே வருடம் மே 28ஆம் தேதி கில்மனில் கடைசி நிகழ்ச்சி. கூட்டமும் கவனமும் கூடிக்கொண்டே போனது அவர்களுக்குப் பாரமாகிவிட்டது. அந்த இரவில் இவர்களுக்கு முன்னால் வாசித்த பேண்டுகளில் ஒன்று, அப்போதுதான் பெயர் மாற்றியிருந்த கிரீன் டே. அவர்கள் அடுத்த வருடமே 'நாலெஜ்' பாட்டைத் தங்கள் இசைத்தட்டில் மறுபடி வாசித்து வெளியிட்டார்கள். டிம்மும் மேட்டும் 1991இல் ரான்சிட் என்ற பேண்டை ஆரம்பித்து 1995இல் பெரிய வெற்றி கண்டார்கள். ஜெஸ்ஸி கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்துவிட்டு காமன் ரைடர் போன்ற பேண்டுகளுடன் திரும்பினார், ஆனால் ஆபரேஷன் ஐவியாக நான்கு பேரும் மறுபடி சேர்ந்து டூர் போகவே இல்லை. ரசிகனாக அது எனக்கு ஏக்கம்தான், இருந்தாலும் அந்த முடிவை மதிக்கிறேன்.

90களின் நடுவில் அமெரிக்க ரேடியோவில் ஸ்கா பங்க் அலை அடித்தது. ரீல் பிக் ஃபிஷ், லெஸ் தென் ஜேக், மைட்டி மைட்டி பாஸ்டோன்ஸ் என்று எங்கும் டிரம்பெட்டும் டிராம்போனும். அதில் எனக்குப் பிடித்த பாட்டுகள் நிறைய உண்டு. ஆனாலும் அலையின் பெரும்பகுதி இவர்களிடமிருந்து துள்ளலை எடுத்துக்கொண்டது, பக்கத்தில் நிற்பவன் மேல் இருந்த அக்கறையை எடுத்துக்கொள்ளவில்லை. நாலைந்து வருடத்தில் அலை வடிந்துவிட்டது. இந்த 27 பாட்டை இன்றைக்கும் பதினாறு வயதுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்து கிட்டாரில் வாசித்துப் பழகுகிறார்கள்.

வாங்குபவர்களுக்கு: முதலில் இதை வெளியிட்டது பெர்க்லியின் லுக்கவுட் லேபிள். ராயல்டி பாக்கிப் பிரச்சினையால் பேண்ட் அங்கிருந்து வெளியேறி, 2007இல் ஹெல்கேட் வழியாக மறுபதிப்பு வந்தது. ஹெல்கேட் டிம் ஆம்ஸ்ட்ராங்கே தொடங்கிய லேபிள், எனவே அந்தப் பதிப்பையே வாங்குங்கள். பழைய வினைல் கிடைத்தால் பின்னட்டையில் பாட்டு எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், 19 என்றால் அது எனர்ஜி மட்டும். ஜெஸ்ஸியே வரைந்த அட்டைப்படத்துக்காக அதை வாங்கி வைப்பதும் தப்பில்லை, ஆனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 27 பாட்டு உள்ளதை எடுங்கள், முதல் தடவை கேட்கும்போது நிற்காமல் 19ஆவது பாட்டு வரை ஒரே மூச்சில் கேட்டுவிட்டு, மிச்ச எட்டை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.