தேர்வுக்கான ஒரு கணிதக் கையேடு: சொற்கள் தெளிவு, விதிகளுக்கு வேலி இல்லை

பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வு நூல்கள் விற்கும் ஒரு கடையில், சென்ற ஆடி மாதம், என் அண்ணன் மகளுக்காக ஒரு கையேடு வாங்கினேன். இளநீல அட்டை, 128 பக்கங்கள், விலை 90 ரூபாய். எண்கணிதத்திலும் வடிவியலிலும் வரும் அடிப்படைக் கலைச்சொற்களையும் விதிகளையும் மட்டுமே தொகுத்துத் தருகிற நூல் அது. மாதிரி வினாத்தாள்களோ பழைய வினாக்களோ அதில் இல்லை. நான் கண்ட பிழைகளைப் பதிப்பகத்தாரிடம் தொலைபேசியில் சொன்னபோது, பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அடுத்த பதிப்பில் திருத்துவதாகக் கூறினார்கள். திருத்துவதாகச் சொன்னவர்களைச் சந்தியில் நிறுத்துவது முறையல்ல என்பதால், நூலின் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

கூட்டுறவு வங்கியொன்றில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சேரன்மகாதேவியில் எங்கள் வீட்டுத் திண்ணையில், இரண்டு மாத காலம், மாலை நேரங்களில் இந்நூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மருமகளோடு சேர்ந்து படித்த பிறகே இதை எழுதுகிறேன். அவள் எழுதவிருப்பது டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள். அவற்றில் திறனறிவுப் பகுதிக்கு 25 வினாக்கள், அதாவது 37.5 மதிப்பெண்கள். தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்ற அவள் கணக்குப் புத்தகத்தைக் கடைசியாகத் தொட்டது பத்தாம் வகுப்பில். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் கணக்கு தடையாக இருப்பதில்லை, கணக்கில் வரும் சொல்தான் தடையாக இருக்கிறது என்பதை இந்த இரண்டு மாதங்களில் நன்றாகத் தெரிந்துகொண்டேன். கூட்டவும் பெருக்கவும் தெரிந்த பெண், ‘முழுக்கள்’ என்ற சொல்லைக் கண்டதும் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள்.

அந்த வகையில் நூலின் முதல் 50 பக்கங்கள் உண்மையிலேயே உழைத்து எழுதப்பட்டவை. இயல் எண்கள் 1-இல் தொடங்குகின்றன. அவற்றோடு 0 சேர்ந்தால் முழு எண்கள். எதிர் எண்களும் சேர்ந்தால் முழுக்கள். ‘முழு எண்’ என்பதும் ‘முழு’ என்பதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்டாலும் வெவ்வேறு தொகுப்புகள் என்பதை ஆசிரியர் எண்கோட்டுப் படத்தோடு விளக்கி, எதிர் 3 என்பது முழுக்களில் உண்டு, முழு எண்களில் இல்லை என்று ஒரே எடுத்துக்காட்டில் முடித்துவிடுகிறார். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. வகுத்தலில் வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்து மறந்த சொற்களெல்லாம் அங்கே வரிசையாகக் கிடைக்கின்றன.

சொற்கள் காலத்தோடு மாறியிருக்கின்றன என்பதையும் இந்நூல் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரு மாலை மருமகள், “அத்தை, இதுல மீப்பெரு பொதுக் காரணின்னு போட்டிருக்கு, எங்க சாரு வகுத்தின்னுல்லா சொன்னாவ?” என்று கேட்டாள். இரண்டும் ஒன்றே என்று நூலில் அடுத்த வரியிலேயே இருந்தது. பழைய பாடநூல்களில் மீப்பெரு பொது வகுத்தியை மீ.பொ.வ. என்றும், மீச்சிறு பொது மடங்கை மீ.பொ.ம. என்றும் சுருக்கி எழுதுவார்கள். கடைசி எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. தேர்வு அறையின் பதற்றத்தில் ‘வ’வையும் ‘ம’வையும் மாற்றிப் படித்து மதிப்பெண்ணை இழப்பது மிக எளிது. இப்போது மீ.பெ.கா. என்றும் மீ.சி.ம. என்றும் வழங்குவதால் அந்தக் குழப்பம் குறைந்திருக்கிறது. ஆனால் பழைய வினாத்தாள்களைப் பயிற்சிக்கு எடுப்பவர்களுக்கு இரண்டு வழக்குகளும் தெரிந்திருக்க வேண்டும். சதவீதம், விழுக்காடு ஆகிய இரு சொற்களுக்கும் இதே கவனம் கொடுக்கப்பட்டிருக்கிறது.

பகா எண்கள் பற்றிய இரண்டு பக்கங்களைத் தனியே பாராட்ட வேண்டும். 1 என்பது பகா எண்ணும் அன்று, பகு எண்ணும் அன்று என்பதையும், இரட்டைப்படையில் பகா எண் 2 ஒன்று மட்டுமே என்பதையும், 100 வரை 25 பகா எண்கள் உள்ளன என்பதையும் எல்லா நூல்களும் சொல்கின்றன. இந்த ஆசிரியர் ஒரு படி மேலே போய், பார்ப்பதற்குப் பகா எண்போலத் தோன்றி ஏமாற்றும் எண்களுக்கு ஒரு பெட்டி போட்டிருக்கிறார்: 51 என்பது 3 பெருக்கல் 17, 87 என்பது 3 பெருக்கல் 29, 91 என்பது 7 பெருக்கல் 13, 119 என்பது 7 பெருக்கல் 17. வினா எடுப்பவர்கள் விரும்பித் தேடும் எண்கள் இவைதாம்.

வடிவியல் சொற்களும் பெரும்பாலும் ஒழுங்காகவே உள்ளன. கூடினால் 90 பாகை வருபவை நிரப்புக் கோணங்கள், 180 பாகை வருபவை மிகைநிரப்புக் கோணங்கள் என்பதும், வட்டத்துக்கு விட்டம், நாற்கரத்துக்கு மூலைவிட்டம், செங்கோண முக்கோணத்துக்குக் கர்ணம் என்பதும் மனத்தில் பதியும்படி அமைந்திருக்கின்றன. எல்லாச் சதுரங்களும் சாய்சதுரங்களே, எல்லாச் சாய்சதுரங்களும் சதுரங்கள் அல்ல என்ற வரியைப் படித்துவிட்டு மருமகள் அரை மணி நேரம் என்னோடு வாதாடினாள். படங்கள் மட்டும் தீப்பெட்டிப் படம்போலச் சிறிதாக இருப்பதால், வட்டத்துண்டுக்கும் வட்டக்கோணப்பகுதிக்கும் வேறுபாடு காண்பதற்கு என் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

சொற்களில் இவ்வளவு கவனமாக இருந்தவர் விதிகளுக்கு வந்ததும் ஏன் அவசரப்பட்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. வயலுக்கு வேலி இருப்பதுபோல ஒவ்வொரு விதிக்கும் அது செல்லுபடியாகும் எல்லை ஒன்று உண்டு. இந்நூலில் விதி இருக்கிறது, வேலி இல்லை. ‘எண்களின் பெருக்கற்பலன் அவற்றின் மீ.பெ.கா., மீ.சி.ம. ஆகியவற்றின் பெருக்கற்பலனுக்குச் சமம்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இது இரண்டு எண்களுக்குத்தான் எப்போதும் பொருந்தும். 2, 4, 8 என்று மூன்று எண்களை எடுத்தால் மீ.பெ.கா. 2, மீ.சி.ம. 8, இரண்டையும் பெருக்கினால் 16. எண்களின் பெருக்கற்பலனோ 64. ‘இரண்டு’ என்ற ஒரு சொல் விடுபட்டதால் விதி முழுவதும் பொய்யாகிவிட்டது. இதே போல, ஓர் எண் 12-ஆல் வகுபடுமா என்று அறிய 12-இன் ஏதாவது இரண்டு காரணிகளால் வகுத்துப் பார்க்கலாம் என்கிறது நூல். 18 என்ற எண் 2-ஆலும் 6-ஆலும் வகுபடுகிறது, 12-ஆல் வகுபடவில்லை. எடுக்கும் இரண்டு எண்களின் பெருக்கற்பலன் 12 ஆக இருக்க வேண்டும், அவற்றுக்கு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இருக்கவும் கூடாது. எனவே 3-உம் 4-உம்தான் சரியான இணை.

சராசரி வேகத்துக்கான குறுக்குவழியும் அப்படியே. இரு வேகங்களின் பெருக்கற்பலனை இரட்டித்து அவற்றின் கூடுதலால் வகுக்கச் சொல்கிறார்கள். சேரன்மகாதேவியிலிருந்து நெல்லைச் சந்திப்புக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி வேகம் 48 என்பது சரியே, ஏனெனில் தூரம் இரண்டு முறையும் ஒன்றுதான். ஒரு மணி நேரம் 40 கிலோமீட்டர் வேகத்திலும் அடுத்த ஒரு மணி நேரம் 60 கிலோமீட்டர் வேகத்திலும் சென்றால் சராசரி 50. தூரம் சமமா, நேரம் சமமா என்று பார்க்கக் கற்றுத் தராமல் வாய்பாட்டை மட்டும் கொடுத்தால், மாணவர் இரண்டுக்கும் 48 என்றே குறித்துவிட்டு வருவார்.

வட்டிக் கணக்கில் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் அதைத் தின்று வளர்ந்தவள் அல்லவா! கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைக் காண அசலை, வட்டி வீதத்தை 100-ஆல் வகுத்து வரும் எண்ணின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்று இருக்கிறது. 10,000 ரூபாய்க்கு 10 விழுக்காட்டில் 2 ஆண்டுகளுக்கு அந்த வித்தியாசம் 100 ரூபாய் என்பது உண்மை. 3 ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டி 3,310 ரூபாய், தனிவட்டி 3,000 ரூபாய், வித்தியாசம் 310. அடுத்த பக்கத்துப் பயிற்சியில் 3 ஆண்டுக் கணக்கு ஒன்றைக் கொடுத்திருந்தும், விதி 2 ஆண்டுகளுக்கு மட்டுமே உரியது என்று எங்கும் சொல்லவில்லை. அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி சேர்க்கும் கணக்கு அறவே இல்லை. அதே 10,000 ரூபாய் அப்படிச் சேர்த்தால் ஓராண்டு முடிவில் 11,000 ஆகாமல் 11,025 ஆகும்.

இலாப நட்டப் பகுதியில், ஒன்றை 10 விழுக்காடு இலாபத்துக்கும் மற்றொன்றை 10 விழுக்காடு நட்டத்துக்கும் விற்றால் எப்போதும் 1 விழுக்காடு நட்டம் என்று இருக்கும் விதிக்கும் இதே குறைதான். விற்ற விலை சமமாக இருந்தால்தான் அது பொருந்தும். வாங்கிய விலை சமமாக இருந்தால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

கர்ணத்தைக் காணும் பகுதியில், போதையனார் பெயரால் வழங்கிவரும் செய்யுள் ஒன்றைப் பிதாகரஸ் தேற்றத்துக்கு மாற்றாக முழுப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். செங்கோணத்தை ஒட்டிய இரு பக்கங்களில் நீண்டதை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளி, குறுகியதன் பாதியைக் கூட்டினால் கர்ணம் கிடைக்கும் என்பது அதன் கருத்து. 3, 4 என்றால் 5 வருகிறது. 5, 12 என்றால் 13 வருகிறது. படிக்கிற எவருக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனால் 7, 24 என்றால் 25 வர வேண்டிய இடத்தில் 24.5 வருகிறது, 8, 15 என்றால் 17-க்குப் பதிலாக 17.125, 20, 21 என்றால் 29-க்குப் பதிலாக 28.375. வர்க்கமூலம் காணாமல் ஏறக்குறைய ஒரு விடையைப் பெற உதவும் அழகான தோராயம் அது என்று எழுதியிருந்தால் செய்யுளுக்கும் பெருமை, மாணவருக்கும் பயன். எல்லா முக்கோணங்களுக்கும் பொருந்தும் விதி என்று எழுதியது, தமிழின் பெயரால் தமிழ்ப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குறைக்கும் செயலாகிவிட்டது.

பை என்பது 22/7-க்குச் சமம் என்று எழுதியிருப்பதும் அவ்வகையே. 22/7 தோராய மதிப்பு. பையைவிடச் சற்றே பெரியது. பை ஒரு விகிதமுறா எண், அதாவது இரு முழுக்களைக் கொண்ட பின்னமாக எழுத முடியாத எண். விகிதமுறு எண்ணா, விகிதமுறா எண்ணா என்று வினா வரும்போது, சமக்குறியை நம்பிப் படித்தவர் தவறான கட்டத்தைத்தான் நிரப்புவார்.

அளவியலில் ஓர் இடம். கூம்பின் வளைபரப்பைக் காண ஆரத்தையும் சாயுயரத்தையும் பையால் பெருக்க வேண்டும் என்று விதியைச் சரியாகச் சொல்லிவிட்டு, விடை காட்டும்போது உயரத்தைப் போட்டுவிட்டார்கள். ஆரம் 5, உயரம் 12 என்றால் சாயுயரம் 13, வளைபரப்பு 65 பை. நூலில் 60 பை என்று இருக்கிறது. எடுத்துக்காட்டு என்னவோ நல்ல எடுத்துக்காட்டு. அம்பாசமுத்திரத்துக் களத்தில் குவித்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூட எவ்வளவு பாய் வேண்டும் என்பதுதான் கணக்கு. செவ்வகத்துக்குப் பத்தமடைப் பாய், இரயில் கணக்குக்கு நாங்குநேரி நடைமேடை என்று நூல் முழுவதும் நம் பக்கத்து மண் ஒட்டியிருக்கிறது. 72 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 250 மீட்டர் இரயில் 350 மீட்டர் நடைமேடையை 30 வினாடியில் கடக்கிறது என்பதைப் படமாகவே கண்டாள் மருமகள். நடைமேடை நீளத்தோடு இரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும் என்று அதற்குப் பிறகு அவளுக்கு நான் சொல்ல நேரவில்லை.

இப்படி மண்ணை அறிந்தவர் நில அளவைக்கு அரைப் பக்கம் மட்டும் ஒதுக்கியது வியப்பாக இருக்கிறது. குரூப் 4 தேர்வு கிராம நிர்வாக அலுவலர் பணிக்கும் உரியது. பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும்; 1 ஹெக்டேர் 100 ஏர், 1 ஏர் 100 சதுர மீட்டர். பட்டாவைக் கொண்டு வருபவரோ ஏக்கர், சென்ட் என்றுதான் பேசுவார்; 1 ஏக்கர் 100 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி, 1 ஹெக்டேர் ஏறக்குறைய 2.47 ஏக்கர். எங்கள் பக்கத்துப் பெரியவர்களாக இருந்தால் கோட்டை விதைப்பாடு, அதாவது எத்தனை கோட்டை விதை விதைக்கும் நிலம் என்றே தொடங்குவார்கள். கோட்டையை விட்டாலும், மற்றவற்றையாவது ஓர் அட்டவணையாகப் போட்டிருக்கலாம்.

தாள் தரமானது, பென்சிலால் எழுதி அழித்தாலும் கிழியவில்லை. தையல் இல்லாமல் பசையால் ஒட்டிய கட்டு என்பதால் இரண்டாவது மாதத்தில் நடுப்பக்கங்கள் கழன்றன.

கணக்கைவிட்டு நெடுநாள் விலகியிருந்தவர்கள் சொற்பகுதிக்காகவே இதை 90 ரூபாய் கொடுத்து வாங்கலாம். கணக்கில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களுக்கு இது தேவையில்லை. இப்போதைய பதிப்பை வாங்குபவர்கள், படிக்கத் தொடங்கும் முன் பென்சிலை எடுத்து, மீ.பெ.கா. விதியில் ‘இரண்டு’ என்றும், சராசரி வேகத்தில் ‘தூரம் சமம்’ என்றும், வட்டி வித்தியாசத்தில் ‘2 ஆண்டு’ என்றும், இலாப நட்டத்தில் ‘விற்ற விலை சமம்’ என்றும், செய்யுளின் ஓரத்தில் ‘தோராயம்’ என்றும் எழுதிக்கொண்டு, கூம்புக் கணக்கின் 60-ஐ அடித்து 65 ஆக்கிக்கொள்ளட்டும்.