செஃப் சேமிப்பகம்: தேங்கி நிற்கும் கோரிக்கைகளோடு பல ஆண்டுகள்

பல சர்வர்களின் டிஸ்க்குகளை ஒரே சேமிப்பகமாக இணைக்கும் மென்பொருள் செஃப். செத்துப்போன டிஸ்க்கைப் பற்றி அது கவலைப்படுவதே இல்லை. சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கிடம்தான் அது திணறுகிறது. 2017-இல் லூமினஸ் பதிப்பு வந்த காலத்திலிருந்து அன்றாடம் இதோடு மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில், "செஃப் எப்படி?" என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். பாராட்டவும் நிறைய இருக்கிறது. ஆனால் வாங்குகிறவர்களைப் பாராட்டு தேடி வந்துவிடும். தொல்லைகள் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் அமைப்பு அப்படியொன்றும் பெரியதில்லை. ஆறு சர்வர்கள், ஒவ்வொன்றிலும் ஆறு டிஸ்க்குகள், டிஸ்க்குக்கு அதை நிர்வகிக்கும் ஓர் ஓஎஸ்டி நிரல், ஆக 36 ஓஎஸ்டிகள். எல்லாத் தரவுக்கும் மூன்று பிரதிகள். அதன்மேல் மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளாலான கணினிகள், ஓடுகின்றன. அவற்றுக்குள் தரவுத்தளம், மின்னஞ்சல், கோப்பு சர்வர் எல்லாம் அடக்கம். இந்த அளவு அமைப்பில் டிஸ்க் போனால் யாருக்கும் தெரிவதுகூட இல்லை. ஓஎஸ்டி பேச்சை நிறுத்திய 20 விநாடியில் மற்ற ஓஎஸ்டிகள் மானிட்டர் என்ற கண்காணிப்பு நிரலிடம் சொல்கின்றன, மானிட்டர் அதை "டவுன்" என்று குறிக்கிறது, 600 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு "அவுட்" என்று ஒதுக்கிவைத்து, மூன்றாம் பிரதியை வேறிடத்தில் தானாகவே எழுதத் தொடங்குகிறது. மறுநாள் காலையில் வந்து டிஸ்க்கை மாற்றினால் போதும்.

தொல்லை வருவது "ஸ்லோ ஆப்ஸ்" என்ற எச்சரிக்கையோடு. ஒரு கோரிக்கை 30 விநாடிக்கு மேல் முடியாமல் கிடந்தால் செஃப் இப்படிப் புலம்பத் தொடங்கும். இத்தனை கோரிக்கைகள் தேங்கியுள்ளன, மிகப் பழையது இத்தனை விநாடிகளாக நிற்கிறது, இன்ன எண் ஓஎஸ்டியில் என்று ஒரு வரி. அதற்குள் மேலே இருக்கும் மெய்நிகர் இயந்திரங்களின் திரையில் "120 விநாடிகளுக்கு மேலாக முடங்கியுள்ளது" என்ற லினக்ஸ் கெர்னலின் புகாரும் வர ஆரம்பித்திருக்கும். தரவுத்தள நிரல் டிஸ்க்கின் பதிலுக்காக உறைந்து கிடக்கும் "டி" நிலைக்குப் போய்விட்டால் கில் கட்டளைக்கு ஒன்பதாம் எண் சமிக்ஞை கொடுத்தாலும் அசையாது. மெய்நிகர் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்வதாலும் பயனில்லை. எழுந்ததும் அதே இடத்தில் போய் மறுபடி நிற்கும்.

எச்சரிக்கையில் பெயர் அடிபடும் ஓஎஸ்டிதான் கெட்டுவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். எங்களிடம் சேர்ந்த இளைஞர் ஒருவர், "அண்ணா, ஏழாம் ஓஎஸ்டிதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. அணைத்துவிடட்டுமா?" என்று கேட்டார். "பொறு தம்பி, அது புகார் கொடுக்க வந்திருக்கிறது. புகார் கொடுத்தவனையே பிடித்து உள்ளே வைக்காதே" என்றேன். காரணம் எளிது. செஃப்பில் ஒரு எழுத்துக் கோரிக்கை முதலில் முதன்மை ஓஎஸ்டியிடம் போகிறது. அது தானும் எழுதிக்கொண்டு, மற்ற இரண்டு பிரதிகளை வைத்திருக்கும் ஓஎஸ்டிகளுக்கும் அனுப்புகிறது. மூன்றும் டிஸ்க்கில் பதிந்தது உறுதியான பிறகே "முடிந்தது" என்று கேட்டவருக்குப் பதில் போகும். இரண்டில் ஒன்று தாமதித்தால் முதன்மைதான் காத்துக்கிடக்கும், அதன் பெயர்தான் எச்சரிக்கையில் வரும்.

அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஏழாம் ஓஎஸ்டியிடம் "டம்ப் ஹிஸ்டாரிக் ஆப்ஸ்" கேட்டோம். கடந்த 600 விநாடிகளில் மிக மெதுவாக முடிந்த 20 கோரிக்கைகளை ஒவ்வோர் ஓஎஸ்டியும் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எந்தக் கட்டத்தை எந்த நேரத்தில் தாண்டியது என்ற வரிசையும் கிடைக்கும். முதல் வரி, கோரிக்கை வந்தது. அடுத்து வரிசையில் சேர்ந்தது, பிளேஸ்மென்ட் குரூப்பை (தரவைத் தொகுத்து ஓஎஸ்டிகளுக்குப் பங்கிடும் குழுவை) அடைந்தது, வேலை தொடங்கியது. இந்த நான்கும் ஒரே மில்லி விநாடிக்குள். அடுத்த வரி "14, 31 ஆகியவற்றின் பதிலுக்குக் காத்திருக்கிறது". பதினான்கின் பதில் சில மில்லி விநாடிகளில் வந்துவிட்டது. முப்பத்தொன்றின் பதில் 41 விநாடி கழித்து. அடுத்த கோரிக்கையைப் பார்த்தோம்: "9, 31". அதற்கடுத்தது "31, 2". மூன்றாவதைப் படித்து முடிப்பதற்குள் தம்பி முப்பத்தொன்று இருக்கும் சர்வருக்குள் நுழைந்து, டிஸ்க்குகளின் வேகத்தைக் காட்டும் "ஐஓஸ்டாட்" கருவியை ஓட்டியிருந்தார். ஐந்து டிஸ்க்குகளில் எழுத்துத் தாமதம் பத்து மில்லி விநாடிக்குக் கீழே, ஆறாவதில் ஆயிரங்களில்.

36-இல் ஒரே ஒரு டிஸ்க் மெதுவானால் எல்லா இயந்திரங்களும் ஏன் முடங்க வேண்டும் என்று மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. மெய்நிகர் டிஸ்க்கை செஃப் 4 எம்பி துண்டுகளாக வெட்டி வைக்கிறது. 100 ஜிபி டிஸ்க் என்றால் 25,600 துண்டுகள், அவை எல்லா ஓஎஸ்டிகளிலும் பரவிக் கிடக்கும். மூன்று பிரதி, 36 ஓஎஸ்டி என்றால் எந்த ஒரு ஓஎஸ்டிக்கும் பன்னிரண்டில் ஒரு எழுத்தில் பங்கு உண்டு. தரவுத்தளம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் "பதிந்துவிட்டதா?" என்று கேட்டுவிட்டே நகரும், பன்னிரண்டில் ஒன்று நின்றால் மற்ற பதினொன்றும் அதன் பின்னால் நிற்க வேண்டியதுதான். சீராகப் பரப்பி வைப்பதே செஃப்பின் பலம். அதே பரப்பல்தான் ஒரு டிஸ்க்கின் சீக்கை ஊர் முழுக்கக் கொண்டுபோகிறது.

சரி, பேச்சை நிறுத்திய ஓஎஸ்டியை 20 விநாடியில் கண்டுபிடிக்கிற செஃப் இதை ஏன் கண்டுகொள்வதில்லை? ஓஎஸ்டிகள் ஒன்றையொன்று 6 விநாடிக்கு ஒருமுறை விசாரித்துக்கொள்கின்றன. டிஸ்க் தள்ளாடினாலும் நிரல் நலமாகவே இருப்பதால் "இருக்கிறேன்" என்று பதில் சொல்லிவிடும். உள்ளே வேலை செய்யும் இழை 15 விநாடி அசையாமல் நின்றால்தான் அது பதில் சொல்வதை நிறுத்தும். 150 விநாடி நின்றால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். ஐந்து விநாடி உறைந்து, கொஞ்சம் வேலை செய்து, மறுபடி ஏழு விநாடி உறையும் டிஸ்க் இந்த எல்லைகளில் எதிலும் சிக்காது. மேசைக் கணினிகளுக்கான மலிவு டிஸ்க்குகள் இதில் கைதேர்ந்தவை. படிக்க முடியாத ஒரு செக்டரை மறுபடி மறுபடி படித்துப் பார்த்துக்கொண்டு வெளியே எதுவும் சொல்லாமல் இருக்கும். சர்வர் தர டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடியில் கைவிட்டுப் பிழையென்று சொல்லிவிடும்; செஃப்புக்கு அது போதும், வேறு பிரதியிலிருந்து படித்துக்கொள்ளும். உண்மையை உடனே ஒப்புக்கொள்ளும் டிஸ்க்தான் இங்கே நல்ல டிஸ்க்.

உடனடி நிவாரணம் என்று எல்லோரும் செய்வது ஓஎஸ்டியை மறுதொடக்கம் செய்வது. எச்சரிக்கை மறையும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நான் மேலே சொன்ன கோரிக்கை வரலாறு நினைவகத்தில் மட்டுமே இருக்கிறது. மறுதொடக்கத்தோடு அதுவும் போய்விடும். அதனால் முதலில் வரலாற்றைக் கோப்பில் சேமித்துக்கொள்கிறோம். புதிய பதிப்புகளில் "டெல்" (tell) கட்டளை வழியாக எந்த சர்வரிலிருந்தும் இதை எடுக்கலாம், முன்புபோல அந்தந்த சர்வருக்குள் நுழைய வேண்டியதில்லை. அதன்பின் "ஓகே டு ஸ்டாப்" கேட்டு, நிறுத்தினால் பாதகமில்லை என்று பதில் வந்தால், சீக்கான ஓஎஸ்டியை ஒரேயடியாக நிறுத்துகிறோம். தேங்கிய கோரிக்கைகள் மீதமிருக்கும் இரண்டு பிரதிகளோடு உடனே நகர்ந்துவிடும். அரைகுறையாக உயிரோடு இருப்பதை முழுதாகச் சாகடித்துவிட்டால் செஃப் தன் வேலையைக் கச்சிதமாகப் பார்க்கிறது.

எல்லாத் தேக்கத்துக்கும் டிஸ்க் காரணமில்லை. என்னை அதிகம் அலைக்கழித்தது நெட்வொர்க். ஸ்விட்ச் ஒன்றை மாற்றிய பிறகு, குறிப்பிட்ட இரண்டு சர்வர்களுக்கு இடையில் மட்டும் கோரிக்கைகள் நின்றன. தொடர்பைச் சோதிக்கும் பிங் செய்தி போனது, ஓஎஸ்டிகள் எல்லாம் "அப்" என்று காட்டின, டிஸ்க்குகளில் குறையேதும் இல்லை. சர்வர்களில் பாக்கெட் அளவு 9000 பைட் என்று வைத்திருந்தோம். புது ஸ்விட்ச்சின் ஒரு போர்ட் 1500-இலேயே இருந்தது. சின்னச் செய்திகள் தாண்டிப் போயின, தரவு சுமந்த பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் விழுந்தன. துண்டாக்கக் கூடாது என்று கட்டளையிட்டு 8972 பைட் பிங் அனுப்பினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும் விஷயம். தலைப்புகளுக்கான 28 பைட்டோடு சேர்த்தால் சரியாக 9000. இந்த வகைக் கோளாறைப் பிடிக்கவே ஓஎஸ்டிகளின் விசாரிப்புச் செய்தியைப் பின்னாளில் 2000 பைட்டுக்கு ஊதிப் பெரிதாக்கினார்கள். பட்டவர்கள் செய்த வேலை என்று பார்த்தாலே தெரிகிறது.

இடம் நிரம்பினாலும் எழுத்து நிற்கும்: 85 சதவீதத்தில் எச்சரிக்கை, 90-இல் தரவு நகர்த்தல் நிற்கும், 95-இல் எழுத்து அடியோடு நிற்கும். பிரதிகள் ஒன்றாகக் குறைந்தாலும் நிற்கும், ஏனென்றால் குறைந்தது இரண்டு வேண்டும் என்பது வழக்கமான அமைப்பு. அதை ஒன்றாக மாற்றச் சொல்லி அறிவுரை கொடுக்கிறவர்கள் உண்டு. காது கொடுக்காதீர்கள். அந்த ஒற்றைப் பிரதியும் போனால் இணையத்தில் யோசனை சொன்னவர் வந்து தரவை மீட்டுத் தரப்போவதில்லை.

பதிப்புகளைப் பற்றி. ஆக்டோபஸ், கணவாய் இனத்துப் பெயர்களை அகரவரிசையில் வைப்பது இவர்களுடைய வழக்கம். லூமினஸில், டிஸ்க்கில் நேரடியாக எழுதும் புளூஸ்டோர் இயல்புத் தேர்வாக வந்தது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம். கோப்பு முறைமையை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எழுதிய காலம் அதோடு போயிற்று. ஆனால் உள்ளே இருக்கும் ராக்ஸ்டிபி என்ற சிறு தரவுத்தளம் புதுத் தலைவலியைக் கொண்டுவந்தது. மொத்தமாக எதையாவது அழித்தால் நீக்கக் குறிகள் குவிந்து, ஒரு பட்டியல் கேட்டாலே ஓஎஸ்டி மூச்சுத் திணறும். டிஸ்க்கில் குறையே இருக்காது. "காம்பாக்ட்" கட்டளை கொடுத்தால் தெளியும்.

2022-இல் வந்த குவின்சி பதிப்பில் எம்கிளாக் என்ற பணி ஒதுக்கீட்டு முறை இயல்புத் தேர்வாக வந்தது. இதில் எனக்குக் கோபமே உண்டு. மீட்பு வேலையின் வேகத்தைக் குறைக்க நாங்கள் கைப்பழக்கமாக மாற்றிவந்த எண்களை அது கண்டுகொள்வதில்லை. தனியாக ஓர் அனுமதியைத் திறந்துவிட்டால்தான் ஏற்கும். போதாததற்கு, ஓஎஸ்டி தொடங்கும்போது டிஸ்க்கின் திறனைத் தானே அளந்துகொள்கிறது. சுழலும் டிஸ்க்குக்குத் தற்காலிக நினைவகத்தின் வேகத்தைப் பார்த்து ஏமாந்து நம்ப முடியாத எண்ணைப் பதிந்துகொண்டால், அந்தக் கணக்கை வைத்து மீட்பு வேலையை அள்ளிக் கொட்டும், பயனர் கோரிக்கைகள் தேங்கும். பின்னர் அளவுக்கு மீறிய எண்களைத் தள்ளிவிடும் வரம்பு சேர்த்தார்கள். 2023-இல் வந்த ரீஃப் பதிப்பில் பரவாயில்லை. ஆனாலும் பதிந்திருக்கும் எண்ணைப் பார்க்காமல் நான் எந்த ஓஎஸ்டியையும் நம்புவதில்லை.

இத்தனைக்கும் பிறகு வேறொன்றுக்கு மாறுவீர்களா என்றால், மாட்டேன். இத்தனை தேக்கங்களிலும் தரவு ஒரு பைட்கூடத் தொலைந்ததில்லை. எழுதாததை எழுதினேன் என்று செஃப் சொன்னதே கிடையாது. அதற்காகத்தான் நிற்கிறது என்று புரிந்தபின் அந்த எச்சரிக்கை வரியின்மேல் இருந்த எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி, காத்திருக்கும் ஓஎஸ்டியின் எண்ணைப் போடுகிறவர்கள் காக்க வைக்கும் ஓஎஸ்டியின் எண்ணையும் அதே வரியில் போடக் கூடாதா என்பதற்காக. மூன்று சர்வர் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்று போனால் மூன்றாம் பிரதி போய்ச் சேர இடமே இருக்காது.

வாங்குகிறவர்களுக்கு: 2020-இல் பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் சில டிஸ்க்குகளில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுதும் எஸ்எம்ஆர் முறை சொல்லாமல் கொள்ளாமல் புகுத்தப்பட்டது வெளிவந்தது. தொடர்ந்து எழுதினால் அவை படுத்துவிடும். செஃப்புக்கு ஆகவே ஆகாது. எஸ்எஸ்டி என்றால் மின்தடைப் பாதுகாப்புக்கான கெபாசிட்டர் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாதவை விளம்பரத்தில் லட்சக்கணக்கில் வேகம் காட்டும். ஒவ்வோர் எழுத்தும் பதிந்ததா என்று உறுதி கேட்டால் விநாடிக்குச் சில நூறுக்கு இறங்கிவிடும், செஃப் கேட்பதோ அந்த உறுதியைத்தான். இப்போது எங்களிடம் வரும் எந்த டிஸ்க்கும் "எஃப்ஐஓ" கருவியில் 4 கேபி ஒத்திசைவு எழுத்துச் சோதனையைத் தாண்டாமல் சர்வருக்குள் போவதில்லை. தேறாதவை அலுவலகத்து மேசைக் கணினிகளுக்குப் போகின்றன. கணக்குப் பிரிவில் இதனால் எங்கள்மேல் நல்ல அபிப்பிராயம்.