ஏடபிள்யூஎஸ் பேக்கப்: எடுப்பது சுலபம், அழிவதைத்தான் பார்க்கணும்

முன்பெல்லாம் கிரானில் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கருவி) ஸ்கிரிப்ட் போட்டு ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுத்துக்கொண்டிருந்தோம். அமேசான் கிளவுடின் பேக்கப் சேவையான ஏடபிள்யூஎஸ் பேக்கப்புக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. சர்வருக்கு ஒரு டேக் (அடையாளச் சீட்டு) வைத்து பிளானில் (எப்போது எடுப்பது, எத்தனை நாள் வைப்பது என்ற திட்டம்) சேர்த்துவிட்டால் ராத்திரி அதுபாட்டுக்கு எடுத்து வைத்துவிடும். எடுப்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, எடுத்ததை அழிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பிளானில் ரிடென்ஷன் (வைத்திருக்கும் காலம்) 35 நாள் என்று போட்டால், அந்தக் கெடு ஒவ்வொரு ரெக்கவரி பாயிண்டிலும் (எடுத்து வைத்த ஒவ்வொரு பேக்கப்பிலும்) அது உருவாகும்போதே பதிந்துவிடும். பின்னாடி செலவைக் குறைக்கலாம் என்று 35-ஐ 14 ஆக்கினால் இனிமேல் எடுப்பதற்குத்தான் 14, ஏற்கெனவே எடுத்தது 35 நாளும் இருந்துவிட்டுத்தான் போகும். பழையதையும் மாற்ற வேண்டுமென்றால் வால்ட்டுக்குள் (பேக்கப்புகள் இருக்கும் பெட்டகம்) போய் ஒவ்வொன்றாக மாற்றணும், இல்லையென்றால் சிஎல்ஐ-யில் (கட்டளை தட்டச்சு செய்யும் கருவி) எல்லாவற்றையும் வரிசையாக மாற்ற ஒரு லூப் எழுதணும். பிளானிலேயே 'பழையதுக்கும் சேர்த்து' என்று ஒரு பட்டன் வைத்திருக்கலாம்.

எங்களுக்கு நடந்தது வேறு. எங்கள் டீமிலேயே ஒருவர் பழைய ஐஏஎம் ரோல்களை (சேவைகளுக்குக் கொடுக்கும் அனுமதித் தொகுப்புகள்) சுத்தம் செய்தபோது பேக்கப் எடுத்த ரோலும் சேர்ந்து போய்விட்டது, அழிக்கும் அனுமதியும் அதில்தான் இருந்தது. சில வாரம் கழித்து வால்ட்டைத் திறந்தால், 'கம்ப்ளீட்டட்' என்று இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாக 'எக்ஸ்பயர்டு'. இந்த வார்த்தையைப் பார்த்து அழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், கெடு முடிந்தும் அழிக்க முடியாமல் நிற்கிறது என்று அர்த்தம். அழியும் வரைக்கும் காசு ஓடிக்கொண்டேதான் இருக்கும். சரி, ஈசி2 (ஏடபிள்யூஎஸ்ஸின் சர்வர் சேவை) பக்கத்தில் போய் ஸ்னாப்ஷாட்டை அழிக்கலாம் என்றால் அங்கே விடாது, பேக்கப் கன்சோலில் இருந்துதான் கையால் அழித்தோம்.

கோல்டு ஸ்டோரேஜ் (அடிக்கடி தேவைப்படாத பேக்கப்புகளுக்கான இடம்) மலிவு என்று எல்லாவற்றையும் அங்கே தள்ளாதீர்கள். போனது குறைந்தது 90 நாள் அங்கே இருந்தாகணும், அதாவது 30-ஆம் நாள் தள்ளினால் 120 நாள் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் வால்ட் லாக், அதாவது பேக்கப்பை கெடுவுக்கு முன்னால் அழிக்க விடாமல் வால்ட்டைப் பூட்டுவது. ரான்சம்வேர் (தகவல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பயம் இருப்பவர்களுக்கு இதற்காகவே இந்தச் சேவையை வாங்கச் சொல்வேன். ஆனால் கம்ப்ளையன்ஸ் மோடில் பூட்டினால் மனசு மாற்றிக்கொள்ள நீங்கள் வைத்த அவகாசம்தான் (குறைந்தது 3 நாள்), அது முடிந்தால் ரூட் அக்கவுண்ட்டாலும் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) கெடுவுக்கு முன்னால் எதையும் அழிக்க முடியாது, ஏடபிள்யூஎஸ்ஸாலும் முடியாது. முதலில் கவர்னன்ஸ் மோடில் (அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கலாம்) ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள்.

இப்போது திங்கட்கிழமை காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் வால்ட்டில் 'எக்ஸ்பயர்டு' எத்தனை என்று பார்த்துவிடுகிறேன்.